வெஹேரா, ஃப்ரிஹிலியானாவா, மொஹாக்கரா: எந்த வெள்ளை ஊரில் இரவு தங்கலாம்?

ஸ்பெயினின் தெற்குக் கரையில், கடலைப் பார்த்த குன்றுகளின் மேல் வெள்ளை ஊர்கள் நிறைய இருக்கின்றன. புகைப்படத்தில் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும்: சுண்ணாம்பு அடித்த சுவர், சுவரில் தொங்கும் பூந்தொட்டி, வளைந்து மேலேறும் சந்து. நேரில் போனால் ஒவ்வொன்றும் வேறு குணம். பயணத் திட்டத்தில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது என்பவர்களுக்காக மூன்று ஊர்களை எடுத்துக்கொள்கிறேன்: காடிஸ் மாகாணத்து வெஹேர் தெ லா ஃப்ரொன்தெரா, மாலகா மாகாணத்து ஃப்ரிஹிலியானா, அல்மெரியா மாகாணத்து மொஹாக்கர். மிஹாஸும் பேர்போன ஊர்தான். ஆனால் அங்கே கழுதைச் சவாரிதான் முதல் ஈர்ப்பு. சேணம் கட்டி வரிசையாக நிற்கும் கழுதைகளைப் பார்க்க எனக்கு மனம் ஒப்புவதில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன்.

என் அளவுகோல் ஒன்றுதான். பகலில் மூன்று ஊரும் வெளியாட்களால் நிரம்பிவிடும். சாயங்காலம் பேருந்துகள் கிளம்பிப் போன பிறகு அந்த ஊர் யாருடையதாக இருக்கிறது? வெள்ளை ஊரின் அழகு அந்த நேரத்தில்தான் தெரியும். எங்கே போவது என்பதைவிட எங்கே படுத்து எழுவது என்பதுதான் பெரிய கேள்வி.

முதலில் போய்ச் சேரும் வழி. கார் ஓட்டாதவர்களுக்கு ஃப்ரிஹிலியானாதான் சுலபம். மாலகாவிலிருந்து கடலோர ஊரான நெர்ஹாவுக்குப் பேருந்து (ரயில் கிடையாது), அங்கிருந்து இன்னொரு சின்னப் பேருந்து. நெர்ஹாவுக்கும் ஃப்ரிஹிலியானாவுக்கும் நடுவே 6 கி.மீ.தான், கால் மணி நேரத்தில் மேலே ஏறிவிடலாம். வெஹேருக்கும் காடிஸிலிருந்து பேருந்து உண்டு. ஆனால் சில பேருந்துகள் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் லா பார்க்காவிலேயே இறக்கிவிடும், மேலே போகுமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். மொஹாக்கருக்குக் கார் இருந்தால் நல்லது. அல்மெரியாவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். பெயர்களைச் சொல்லும்போது கவனம்: ஸ்பானிய மொழியில் அந்த 'ஜே' எழுத்துக்கு 'ஹ' என்றே ஒலி. மொஜாகர் என்று கேட்டால் ஓட்டுநருக்குப் புரியாது.

ஃப்ரிஹிலியானாவின் பழைய பகுதிக்கு பாரிபார்த்தோ என்று பெயர். கூழாங்கற்களைக் கோலம்போலப் பதித்த படிகள், ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கும் வீடுகள். பார்க்க அவ்வளவு அழகு. அதன் வரலாறோ துயரமானது. முஸ்லிம் ஆட்சி முடிந்தபின் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளானவர்களின் வழிவந்தோரை மொரிஸ்கோக்கள் என்பார்கள். அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, 1569இல், ஊருக்கு மேலே இருக்கும் பாறைக்குன்றில் பெரும் சண்டை நடந்தது. தோற்றவர்கள் துரத்தப்பட்டார்கள், அவர்கள் வீடுகளில் வேறு ஆட்கள் குடியேற்றப்பட்டார்கள். இந்தக் கதையைச் சந்துச் சுவர்களில் பீங்கான் பலகைகளாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். படிகளில் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் ஒரு பலகையைப் படிக்கலாம். தோற்றவர்களின் கதையைத் தன் சுவரிலேயே எழுதி வைத்திருப்பதற்காகவே எனக்கு இந்த ஊர்மேல் மதிப்பு.

கரும்பு இன்னொரு காரணம். ஊரின் வாசலில் பழைய பிரபு மாளிகை ஒன்று ஆலையாக மாறி நிற்கிறது. அங்கே இன்றும் 'மியேல் தெ காஞ்ஞா' காய்ச்சுகிறார்கள். பெயருக்குக் கரும்புத் தேன் என்று பொருள், வாயில் வைத்தால் நம் வெல்லப்பாகுதான், கொஞ்சம் கசப்போடு. கரும்பை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அரேபியர்கள். ஸ்பானியரின் 'அசூக்கர்', அரபியரின் 'சுக்கர்', நம் சர்க்கரை மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். கத்தரிக்காயைப் பொரித்து அதன்மேல் இந்தப் பாகை ஊற்றித் தருவார்கள். கட்டாயம் சாப்பிடுங்கள்.

குறை என்னவென்றால், ஃப்ரிஹிலியானாவின் பழைய பகுதி மிகச் சிறியது. மூன்று மணி நேரத்தில் ஒவ்வொரு சந்துக்குள்ளும் இரண்டு முறை சுற்றிவிடலாம். பகல் 11 மணி முதல் 4 மணி வரை நெர்ஹாவிலிருந்து கூட்டம் வந்துகொண்டே இருக்கும். கடலும் தூரத்துக் காட்சிதான், கால் நனைக்கக் கீழே இறங்கியாக வேண்டும். இரவு தங்குவதானால் அடுத்த நாள் மலைப்பக்கம் நடப்பதற்காகத் தங்கலாம். அந்தப் பக்கம் அசெபுச்சால் என்ற குக்கிராமம் உண்டு. ஸ்பானிய உள்நாட்டுப் போருக்குப் பிறகும் மலையில் ஒளிந்து போராடிய கெரில்லாக்களுக்கு உதவுவார்கள் என்ற சந்தேகத்தில் 1948இல் அங்கிருந்தவர்களை வெளியேற்றினார்கள். பாழாய்க் கிடந்த வீடுகளைச் சுமார் 50 ஆண்டு கழித்து, அந்தக் கிராமத்தை மறக்காத குடும்பங்கள் திரும்பி வந்து எடுத்துக் கட்டின.

மொஹாக்கர் இதற்கு நேர்மாறு. சுற்றிலும் வறண்ட செம்மண் மலை. ஐரோப்பாவிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் பகுதி இது. அதன் நடுவே சர்க்கரைக் கட்டிகளைக் கொட்டி வைத்ததுபோல் ஊர். இரண்டு கி.மீ. கீழே கடல், நீண்ட கடற்கரை. நீந்தத்தான் வந்தேன் என்பவர்கள் மேலே படிக்க வேண்டாம், மொஹாக்கருக்கே போகலாம். தெற்கே காபோ தெ காத்தா இயற்கைப் பூங்காவின் குடாக்களும் கைக்கெட்டும் தூரம்.

ஆனால் ஊரின் வயதைப் பற்றி ஒரு உண்மையைத் தெரிந்துகொண்டு போங்கள். பஞ்சமும் புலம்பெயர்வும் சேர்ந்து 1950களில் மொஹாக்கரைக் கிட்டத்தட்டக் காலி செய்துவிட்டன. பாதி வீடுகள் இடிந்து கிடந்தன. 1960களில் மேயராக இருந்த ஹசிந்தோ அலார்க்கோன், வீடு கட்டுவோருக்கு இடத்தை இலவசமாகத் தருகிறேன் என்று அறிவித்தார். ஓவியர்களும் வெளிநாட்டவர்களும் வந்தார்கள், ஊர் பிழைத்தது. அதனால் நீங்கள் பார்க்கும் வெள்ளைச் சுவர்களில் பல அறுபது வயதுக்கும் குறைந்தவை. சுண்ணாம்பைத் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டே வந்தால் மூலைகள் மழுங்கி, சுவரே கையால் பிசைந்ததுபோல் ஆகிவிடும். அந்த மென்மை இங்கே குறைவு. இதற்காக ஊரைக் குறைசொல்ல மாட்டேன். செத்துக்கொண்டிருந்த ஊரை உயிர்ப்பித்தது பெரிய காரியம். ஆனாலும் குளிர்காலத்தில் பூட்டிய கதவுகளும் நினைவுப்பொருள் கடைகளும்தான் அதிகம் கண்ணில் படும்.

மொஹாக்கரில் எனக்குப் பிடித்த இடம் அடிவாரத்து ஊற்று, ஃபுவென்தே மோரா. 1488இல் கத்தோலிக்க மன்னர்களின் படை வந்தபோது, முஸ்லிம் ஊர்த்தலைவர் தங்களையும் ஸ்பானியராகவே மதித்து இங்கேயே வாழவிடக் கேட்டதாக அங்கே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். குழாய்களில் இன்றும் தண்ணீர் கொட்டுகிறது. ஊர் முழுக்கக் காணும் இன்தாலோ உருவத்தின் கதையும் அழகானது. இரு கைகளையும் விரித்து, தலைக்குமேல் வளைவு ஒன்றைத் தாங்கி நிற்கும் மனித உருவம் அது. இதே மாகாணத்து வேலெஸ் பிளாங்கோவில் இருக்கும் ஆதிகாலக் குகை ஓவியம் ஒன்றிலும் அதே உருவம் இருக்கிறது. கெட்டது அண்டாமல் இருக்க, வீட்டுச் சுவரில் காவி மண்ணால் இதை வரைந்து வைப்பது இங்கத்து வழக்கம்.

சரி, வெஹேர். என் ஓட்டு இதற்குத்தான், மறைப்பதற்கில்லை. சுமார் 200 மீட்டர் உயரக் குன்றின் மேல், 15ஆம் நூற்றாண்டு மதிலும் வாயில்களும் இன்னும் நிற்கும் ஊர். பெயரில் வரும் ஃப்ரொன்தெரா என்றால் எல்லை. கிறிஸ்தவ அரசுக்கும் கிரானடாவின் முஸ்லிம் அரசுக்கும் இடையே எல்லையாக இருந்த காலத்துப் பெயர் அது. மொரோக்கோவின் நீல ஊரான ஷெஃப்ஷாவெனுக்கும் வெஹேருக்கும் சகோதர ஊர் உறவு உண்டு. அந்த ஊரை எழுப்பிய தலைவரின் மனைவி வெஹேர்ப் பெண் என்றும், அவள் பிறந்த ஊர் ஏக்கம் தீரவே அது இப்படிக் கட்டப்பட்டது என்றும் சொல்வார்கள். தெளிவான நாளில் வெஹேரின் உச்சியில் நின்றால் கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்க மலைகள் கோடாகத் தெரியும். அப்போது அந்தக் கதையை நம்பத் தோன்றும்.

ஊர்ப்பெண்களின் பழைய உடை கொபிஹாதா. தலைமுதல் கால்வரை கறுப்பு, ஒரு கண் மட்டுமே வெளியே தெரியும். 1930களில் தடை செய்யப்பட்டது, இப்போது திருவிழாவில் மட்டும் உடுத்துகிறார்கள். முஸ்லிம் காலத்து உடை என்று பலர் நினைத்தாலும், அது காஸ்டிலியப் பெண்களின் மேலாடையிலிருந்து வந்தது என்பதே ஆய்வாளர்கள் சொல்வது.

வெஹேர் ஏன் ஜெயிக்கிறது என்றால், அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். தெருக்கதவு திறந்திருந்தால் உள்ளே முற்றம் தெரியும், சுற்றிலும் பல குடும்பங்கள், நடுவே தொட்டிச் செடிகள், கொடியில் துணி. இரவு 9 மணிக்கு பிளாசா தெ எஸ்பாஞ்ஞாவில், பீங்கான் தவளைகள் உட்கார்ந்திருக்கும் நீரூற்றைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடுவார்கள், பாட்டிமார் பெஞ்சுகளில் பேசிக்கொண்டிருப்பார்கள். எட்டு, பத்து கி.மீ. தள்ளி எல் பால்மார் கடற்கரை, அதற்குச் சற்றுத் தெற்கே 1805 கடற்போர் நடந்த டிரஃபால்கர் முனை. வசந்தத்தில் போனால் பக்கத்துக் கடலில் 'அல்மத்ராபா' என்ற பொறிவலைகளில் பிடித்த சூரைமீன் எல்லா உணவகத்திலும் கிடைக்கும். சைவர்கள் இங்கே கொஞ்சம் சிரமப்படுவார்கள், அந்த வகையில் ஃப்ரிஹிலியானாவே மேல். எங்கே போனாலும் மாலை 4 மணிக்கு மேல் சமையலறையை மூடினால் 8 மணிக்குத்தான் திறப்பார்கள், கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

வெஹேரின் ஒரே எதிரி லெவாந்தே என்ற கிழக்குக் காற்று. கிளம்பிவிட்டால் நாள்கணக்கில் அடிக்கும். கடற்கரையில் மணல் ஊசியாய்க் குத்தும், குடை நிற்காது. அப்படிப்பட்ட நாளில் கடலை மறந்துவிட்டு மதிலுக்குள்ளேயே இருங்கள். குறுகிய, திரும்பித் திரும்பிப் போகும் சந்துகளில் காற்று பாதி அடங்கிவிடும். மே அல்லது செப்டம்பர் கடைசியில், வார நடுவில், இரண்டு இரவுக்கு அறை எடுங்கள். காரை மதிலுக்கு வெளியே கீழேயே நிறுத்திவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து ஏறுங்கள்.