ஹாஸ்டலா, சீனியர் அண்ணன் வீடா? வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களின் முதல் மாதம்

ஆகஸ்ட், செப்டம்பர் வந்தால் தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் ஏதாவது ஒரு வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைக்கு இங்கிலாந்தின் லீட்ஸிலோ ஜெர்மனியின் ஆகனிலோ இடம் கிடைத்து, கல்விக் கடனும் கிடைத்து, விசாவும் வந்திருக்கும். எந்தப் படிப்பு, எந்த ஊர் என்று வருடக்கணக்கில் அலசிய வீட்டில், போய் இறங்கும் முதல் மாதத்தைப் பற்றிய பேச்சு மட்டும் கடைசி நேரத்தில்தான் எழும். அந்த முதல் மாதத்துக்குத்தான் இந்த ஒப்பீடு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் கேட்பது பிரிட்டனையும் ஜெர்மனியையும் பற்றி என்பதால் அந்த இரண்டு நாடுகளை வைத்தே பேசுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே வங்கிக் கணக்கு, அரசுப் பதிவு, பார்ட் டைம் வேலை, டாக்டரிடம் பெயர் பதிவது என்று எதைத் தொட்டாலும் உங்கள் பெயரில் ஒரு முகவரி கேட்பார்கள். அதனால் வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னால், இந்த இடம் எனக்கு முகவரி தருமா என்று பார்க்க வேண்டும். என் தீர்ப்பெல்லாம் அதை வைத்துத்தான்.

தங்குமிடம்

இந்த விஷயத்தில் அம்மாக்கள் எல்லோரும் ஒரே பக்கம். “நம்ம புள்ளைங்களோட இருந்தா ஒரு வாய் சோறாச்சும் கெடைக்கும்பா. ஹாஸ்டல்ல யாரு பாத்துப்பாங்க?” இதில் நியாயம் இருக்கிறது. சீனியர் அண்ணன் விமான நிலையத்துக்கே வந்துவிடுவான். எந்தப் பஸ், எந்தக் கடையில் பொன்னி அரிசி, எந்த வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று எல்லாம் அவனுக்குத் தெரியும். வாடகையும் பல இடங்களில் ஹாஸ்டலைவிடக் குறைவு. முதல்முறை வீட்டைவிட்டுப் போகிற பிள்ளைக்கு ராத்திரி தமிழில் பேச ஆள் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்த வீட்டில் உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மூன்று பேர் பெயரில் ஒப்பந்தம் போட்டு ஆறு பேர் இருப்பது அங்கே அபூர்வம் இல்லை. நாலாவதாகப் போகிறவனுக்குக் காகிதத்தில் அந்த வீடே கிடையாது. வாடகையை அண்ணன் கணக்குக்கு அனுப்புவான், ரசீது இருக்காது. வங்கியில் முகவரிச் சான்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. இங்கிலாந்தில், ஒரே குடும்பம் அல்லாத ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தங்கும் வீட்டுக்கு உரிமையாளர் தனி உரிமம் எடுக்க வேண்டும். அது இல்லாத வீட்டில் கூடுதல் ஆள் இருப்பது தெரிந்தால் முதலில் வெளியே போகச் சொல்வது பெயர் இல்லாதவனைத்தான்.

அட்வான்ஸ் விஷயமும் உண்டு. நம்ம ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியதால் அங்கே கேட்கிற தொகை குறைவாகத் தெரியும், யோசிக்காமல் கொடுத்துவிடுவோம். இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2019-இலிருந்து சட்டம் இருக்கிறது. வாங்கிய பணத்தை 30 நாளுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டு, அந்த விவரத்தை வாடகைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பெல்லாம் ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவருக்கு. சீனியர் கையில் கொடுத்த பணத்துக்கு சீனியரின் நல்ல மனசுதான் காவல்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டனில் முழுநேர மாணவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு கவுன்சில் வரி (நம்ம ஊர் சொத்து வரி மாதிரி, ஆனால் குடியிருப்பவர் கட்டுவது) கிடையாது. படிப்பு முடித்து வேலைக்குப் போகிற ஒரு அண்ணன் அதே வீட்டில் இருந்தால் வரி வந்துவிடும், 25 சதவீதத் தள்ளுபடியோடு. அந்தப் பில்லை யார் கட்டுவது என்பதில் நல்ல நண்பர்களே முகம் திருப்பிக்கொள்கிறார்கள். பேச வேண்டியதைப் போவதற்கு முன்பே பேசிவிட்டால் நல்லது.

சரி, பல்கலைக்கழக ஹாஸ்டல்? வாடகை அதிகம், பெரும்பாலும் சமையலும் நாமேதான். ஒப்பந்தம் 40 வாரத்திலிருந்து 51 வாரம் வரை நீளும், பிடிக்கவில்லை என்று நடுவில் கிளம்பினாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். இதுதான் அதன் பெரிய குறை, கையைக் கடிக்கும். ஆனால் மின்சாரம், தண்ணீர், இணையம் எல்லாம் பொதுவாக அந்த வாடகைக்குள்ளேயே அடங்கும். இங்கிலாந்தில் தனியார் வீடு தேடினால், உள்ளூரில் வசிக்கும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்பார்கள். ராயபுரத்திலிருந்து போகிற பிள்ளைக்கு அங்கே யார் ஜாமீன் நிற்பார்கள்? பல்கலைக்கழக விடுதியில் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், பல்கலைக்கழகம் வங்கிக்குக் கொடுக்கும் கடிதத்தில் அந்த அறையின் முகவரியே இருக்கும். நீங்கள் இறங்கிய வாரத்திலேயே கணக்குத் திறக்க விண்ணப்பித்துவிடலாம்.

மூன்றாவதாக, தனியார் நடத்தும் மாணவர் குடியிருப்புகள். முகவரியும் ஒப்பந்தமும் ஹாஸ்டல் மாதிரியே கிடைக்கும், வாடகை பல நகரங்களில் இன்னும் அதிகம். ஹாஸ்டல் நிரம்பிவிட்டால் மட்டும் பார்க்கலாம்.

ஒரு வருட முதுகலைக்கு பிரிட்டன் போகிறவர்களுக்கு நான் தயங்காமல் பல்கலைக்கழக ஹாஸ்டலைத்தான் சொல்வேன். ஒப்பந்த காலமும் படிப்புக் காலமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால் அந்த நீண்ட ஒப்பந்தம் அவர்களைப் பெரிதாக உறுத்தாது. மூன்று வருட இளங்கலை என்றால் முதல் வருடம் ஹாஸ்டல், அப்புறம் ஆட்களைத் தெரிந்துகொண்டு வீடு. சீனியர் வீடுதான் ஒரே வழி என்றால் என் பெயரும் ஒப்பந்தத்தில் வருமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நல்ல அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

ஜெர்மனியில் கணக்கு வேறு. அங்கே மாணவர் சேவை அமைப்பின் விடுதிதான் மலிவு, ஆனால் காத்திருப்போர் பட்டியல் மாதக்கணக்கில் நீளும். அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்தாலும் அக்டோபரில் அறை கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. அதனால் அங்கே போட்டி, ஒரு பகிர்வு வீட்டின் அறைக்கும் சீனியர் வீட்டு மெத்தைக்கும் நடுவில்தான். இதைத் தீர்மானிப்பது ஆன்மெல்டுங் எனும் குடியிருப்புப் பதிவு. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அதைச் செய்ய வேண்டும். நவம்பர் 2015 முதல், இவர் இங்கே குடிவந்தார் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும். வரி எண் அந்தப் பதிவுக்குப் பிறகுதான் தபாலில் வரும், விசாவை வசிப்பு அனுமதியாக மாற்றவும் அதைக் கேட்பார்கள். அறை விளம்பரத்தில் ‘பதிவு செய்ய முடியாது’ என்று இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நீண்ட நாளுக்கு அது உதவாது. குறுகிய கால உள்வாடகை அறை என்றாலும் பதிவுக்கு இடம் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

அப்போது யாராவது, “நம்ம அட்ரஸ்ல பதிஞ்சுக்கோ தம்பி, வேற எங்கயாச்சும் தங்கிக்கோ” என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் உண்மையில் குடிவராத ஒருவருக்கு முகவரி கொடுப்பதற்கு அங்கே 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். அந்த அண்ணனையும் சேர்த்து மாட்டிவிடாதீர்கள். அவர் வீட்டில் சில வாரம் விருந்தாளியாக இருந்துகொண்டு அறை தேடுவதில் தப்பே இல்லை. ஜெர்மனிக்கு நான் சொல்லும் வழி அதுதான்.

எந்த நாடாக இருந்தாலும் அறையைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். “நான் இப்போ வெளியூர்ல இருக்கேன், முன்பணம் போடுங்க, சாவியைக் கூரியரில் அனுப்புறேன்” என்று எழுதுபவர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் வருவார்கள், கடன் வாங்கிப் போகிற பிள்ளைகளின் பணத்தைத் தின்றுவிட்டு மறைந்துபோவார்கள். இதைக் கேள்விப்படும்போதெல்லாம் வயிறு எரிகிறது. சீனியர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இந்த இடத்தில்தான்: நேரில் போய் அறையைப் பார்த்து, வீடியோ காலில் உங்களுக்கும் காட்டுவது.

கையில் எவ்வளவு, கார்டில் எவ்வளவு

நோட்டாகக் கொண்டுபோவது, வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு, இங்குள்ள வங்கியின் டெபிட் கார்டு என்று மூன்று வழிகள். டெபிட் கார்டை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள். ஒவ்வொரு செலவிலும் பொதுவாக 3 முதல் 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள், அதற்கு ஜிஎஸ்டி வேறு. நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, ஆனால் அவ்வளவையும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். ஒரு வாரச் செலவுக்கு நோட்டு, மீதி ஃபாரெக்ஸ் கார்டில். பாரிமுனைப் பக்கம் ரேட் விசாரிக்கும்போது ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள கடையா என்று பார்த்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே ஏடிஎம்மில் ‘ரூபாயில் கழிக்கவா?’ என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கிற ரேட்தான்.

ஜெர்மனி போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் முடக்கக் கணக்கில் இருக்கும் 11,904 யூரோ (செப்டம்பர் 2024 முதல் இருக்கும் தொகை) இறங்கியவுடன் கைக்கு வராது. அங்கே ஒரு நடப்புக் கணக்கு திறந்த பிறகுதான் மாதம் 992 யூரோவாக வரும். ஆனால் வீட்டு முன்பணம் அதற்கு முன்பே கேட்கப்படும், அதுவும் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை. இந்தத் தொகையை மூன்று தவணையாகக் கட்ட வாடகைக்காரருக்கு உரிமை இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும். முதல் மாதத்துக்கான பணத்தை முடக்கக் கணக்குக்கு வெளியே தனியாக வைத்துக்கொண்டு போங்கள்.

சொந்தப் பணத்தில் அனுப்பும் பெற்றோருக்கு: ஏப்ரல் 2025 முதல், ஒரு நிதியாண்டில் அனுப்பும் முதல் 10 லட்சம் ரூபாய்க்கு டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் வரி) பிடிப்பதில்லை. வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் படிப்புக் கட்டணத்துக்கு எந்தத் தொகையானாலும் கிடையாது. பிடித்த பணத்தையும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம்.

சிம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்திய எண்ணை விட்டுவிடாதீர்கள், வங்கி ஓடிபி எல்லாம் அதில்தான் வரும். அதைக் குறைந்தபட்ச ரீசார்ஜில் உயிரோடு வைத்துக்கொண்டு, போகும் நாட்டின் எண்ணை இ-சிம்மாக எடுத்தால் ஒரே போனில் இரண்டும் ஓடும்.

எம்.சி. ரோடா, அங்கேயா?

கம்பளி உள்ளாடை, சாக்ஸ், சாதாரணத் துணி எல்லாவற்றையும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலேயே எடுத்துவிடலாம். கனமான குளிர் கோட்டு மட்டும் அங்கே. சென்னையில் வாங்கும் கோட்டு அந்தக் குளிருக்கும் மழைக்கும் போதுமா என்று இங்கே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது, பெட்டியில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும். பிரிட்டனில் தொண்டு அமைப்புகள் நடத்தும் பழைய துணிக் கடைகளில் நல்ல கோட்டுகள் மலிவாகக் கிடைக்கும். கண்ணாடி ஒன்றுக்கு இரண்டாகவும், பல் வைத்தியமும் இங்கேயே. மிக்ஸி பிரிட்டன், ஜெர்மனி இரண்டிலும் பிளக் மாற்றினால் ஓடும், மின் அழுத்தம் ஒன்றுதான். அமெரிக்காவில் 120 வோல்ட் என்பதால் நம்ம மிக்ஸி அங்கே உதவாது.

சாப்பாட்டுப் பொருளில்தான் வீட்டில் பெரிய குழப்பம். பலர் நினைப்பதற்கு நேர் எதிராக, காசிமேட்டுக் கருவாட்டுக்கு அனுமதி உண்டு, வீட்டு நெய்க்குக் கிடையாது. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் நம்ம ஊரிலிருந்து பால் பொருள், இறைச்சி இரண்டையும் பயணிகள் கொண்டுவர விடுவதில்லை. பால்கோவா, நெய் மைசூர்பாகு, மட்டன் ஊறுகாய் எல்லாம் அதில் அடக்கம். மீன் வகை, காய்ந்தது உட்பட, சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை போகலாம். கருவாட்டைக் காற்றுப் புகாமல் இரண்டு மூன்று கவரில் சுற்றி வையுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், முருங்கைக்காய் கூடாது. குழம்பு மிளகாய்த் தூள், பருப்புப் பொடி, புளி இருந்தால் முதல் மாதம் ஓடிவிடும்.

எந்த நாள் இறங்குவது

முன்கூட்டியே போய் ஊர் பழகுவதா, வகுப்புத் தொடங்கும்போது போவதா? ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பு என்றால் பிரிட்டனுக்கு வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு வரை போகலாம், விசா தொடங்கும் தேதிக்கு முன்னால் மட்டும் இறங்கக் கூடாது. ஹாஸ்டல் சாவி கிடைக்கும் நாளை ஒட்டிப் போனால் போதும், அதற்கு முன்னால் போனால் வெளியே அறை எடுத்துப் பணம் கரையும். ஜெர்மனிக்கு மூன்று நாலு வாரம் முன்பே போவது நல்லது, வீடு தேட வேண்டியிருக்கிறதே.

டிக்கெட் போடும்போது கிழமையையும் பாருங்கள். திங்கள் முதல் வியாழன் வரை, காலையில் இறங்குவதுதான் நல்லது. அலுவலகம், கடை எல்லாம் திறந்திருக்கும், பெட்டி வராவிட்டாலும் கேட்க ஆள் இருப்பார்கள். வழியனுப்ப வருகிற சொந்தபந்தத்துக்கு விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ நேராகவே போகிறது, ஆனால் நடுராத்திரி விமானம் என்றால் திரும்பிவர அது கிடைக்காது. பெட்டியோடு போகிற பிள்ளைக்கு டாக்ஸி சொல்லிவிடுங்கள். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வேறு டிக்கெட் கிடைக்காமல் அன்றுதான் இறங்க வேண்டும் என்றால், இரண்டு வேளைக்குப் புளியோதரை கட்டிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள் அன்றும் திறந்திருக்கும், பாலும் பிரெட்டும் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.