விண்டோஸ் ஃபோட்டோ வியூவர்: டவுன்லோடு செய்யாதீர்கள், உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது

விண்டோஸ் 7 காலத்து ஃபோட்டோ வியூவரைத் திரும்பக் கொண்டுவரத் தேடினால், செட்டப் ஃபைல் தருகிறோம் என்று வரிசையாகத் தளங்கள் வந்து நிற்கும். ஒன்றையும் தொடாதீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸைத் திறந்தால் அந்தப் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதை நீக்கவில்லை; ஃபோட்டோஸ் ஆப்பை முன்னால் நிறுத்தி, இதற்குப் போகும் வழியை மட்டும் அடைத்துவிட்டது.

ஃபோல்டரைக் கண்டுபிடித்தவர்களும் அடுத்த படியில் சிக்கிக்கொள்வார்கள். டபுள் கிளிக் செய்து திறக்க வியூவருக்கென்று ஓர் இஎக்ஸ்இ ஃபைலே கிடையாது. அங்கே கண்ணில் படும் இமேஜிங்டிவைசஸ் என்பது ஸ்கேனர், கேமராவுக்கானது. வியூவர் முழுவதும், தானே திறக்காமல் வேறொரு புரோகிராம் அழைத்தால் மட்டுமே இயங்கும் டிஎல்எல் ஃபைலாக இருப்பதால், 'ஓபன் வித்' கொடுத்துத் தேடினாலும் பலன் இல்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி வழியாகத்தான் போக வேண்டும். விண்டோஸ் 7 அல்லது 8.1இலிருந்து அப்கிரேடு செய்த கணினி என்றால் பழைய பதிவுகள் அப்படியே இருக்கும். ரெஜிஸ்ட்ரி வேலை இல்லாமல் நேராக செட்டிங்ஸுக்குப் போகலாம். புதிதாக ஓஎஸ் போட்ட கணினியில் டிஃப் (TIFF) என்ற வகைப் படங்களுக்கு மட்டுமே பதிவு இருக்கும்.

அட்மின் கணக்கில் நுழைந்து, விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி ரெஜெடிட் (regedit) என்று அடித்துத் திறக்கவும். ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் ஃபோட்டோ வியூவர், கேப்பபிலிட்டீஸ், ஃபைல் அசோசியேஷன்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகவும். கடைசிக் கீயில் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. வலப்பக்கம் டிஃப்புக்கான பதிவை டபுள் கிளிக் செய்து, அதன் மதிப்பை காப்பி செய்துகொள்ளுங்கள். கையால் அடித்தால் ஓர் எழுத்து பிசகினாலும் வேலை செய்யாது. பிறகு காலி இடத்தில் ரைட் கிளிக், நியூ, ஸ்ட்ரிங் வேல்யூ. பெயரில் முன்புள்ளியோடு ஜேபிஜி (.jpg) என்று கொடுத்து, காப்பி செய்த மதிப்பை ஒட்டவும். ஜேபிஇஜி, பிஎன்ஜி, பிஎம்பி மூன்றுக்கும் இதையே செய்யவும். புள்ளியை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

இதோடு முடியவில்லை. செட்டிங்ஸில் ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் போகவும். விண்டோஸ் 10இல் 'ஃபோட்டோ வியூவர்' என்ற தலைப்பின் கீழ் விண்டோஸ் ஃபோட்டோ வியூவரைத் தேர்ந்தெடுத்தால் போதும். விண்டோஸ் 11இல் மேலே உள்ள பெட்டியில் ஒவ்வொரு வகையையும் அடித்துத் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒரே கிளிக்கில் டீஃபால்ட்டையும் மாற்றித் தருவதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி ஃபைல்களை நம்ப வேண்டாம். பயனர் தேர்வு செய்த ஆப் எது என்பதை விண்டோஸ் 8 முதல் ஒரு ஹேஷ், அதாவது சரிபார்ப்புக் குறியீடு வைத்துப் பாதுகாக்கிறார்கள். வெறும் ரெஜிஸ்ட்ரி ஃபைல் அதை மாற்ற முடியாது.

இவ்வளவு பாடுபடத் தகுமா? 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினி என்றால், கண்டிப்பாகத் தகும். படம் சட்டென்று திறக்கும். அம்புக்குறி கீயை அழுத்தினால் அடுத்த படம் தயங்காமல் வரும். பிரின்ட் வசதி இன்னும் அருமை. ஒரு தாளில் வாலெட் அளவில் 9, சின்னச் சின்னப் படங்களாகக் காட்டும் கான்டாக்ட் ஷீட்டில் 35 என்று படங்களை அதுவே அடுக்கித் தரும். ஆனால் பிரின்ட் பெட்டியின் கீழே 'ஃபிட் பிக்சர் டு ஃபிரேம்' என்பது டிக் ஆகியே வரும். அது தாளை நிரப்புவதற்காக ஓரங்களை வெட்டிவிடும். ஸ்கேன் செய்த சான்றிதழைப் பிரின்ட் எடுக்கும்போது விளிம்பில் உள்ள முத்திரை பாதி போவது இதனால்தான். ஜெராக்ஸ் கடையில் இதைப் பயன்படுத்துபவர்கள் அந்த டிக்கை எடுக்க மறக்கவே கூடாது.

பெரிய குறை, சில படங்களைத் திறக்கும்போது 'போதிய மெமரி இல்லை' என்று வரும் செய்தி. வாட்ஸ்அப்பில் வந்த சின்னப் படத்துக்குக்கூட வரும். ரேம் கூட்டினாலும் போகாது, ஏனென்றால் கோளாறு மெமரியில் இல்லை, மானிட்டர் நிறங்களை எப்படிக் காட்டும் என்று சொல்லும் கலர் புரொஃபைலில் இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் கலர் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, 'யூஸ் மை செட்டிங்ஸ்' டிக் செய்து, ஆட் மூலம் எஸ்ஆர்ஜிபி புரொஃபைலைச் சேர்த்து அதையே டீஃபால்ட் ஆக்கவும். வியூவரை மூடித் திறந்தால் படம் வரும். வெள்ளைப் பின்னணி மஞ்சளாகத் தெரிகிற தொல்லைக்கும் இதுதான் மருந்து. மானிட்டரின் நிறங்களைக் கருவியால் அளந்து சரிசெய்து வைத்து டிசைன் வேலை பார்ப்பவர்கள் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அந்த அளவீடு போய்விடும்.

ஜிஃப் படம் அசையாது. கிராப் வசதி கிடையாது. ஜேபிஜி ஃபைல்களுக்கும் டிஃப் ஐகானே வரக்கூடும். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. படத்தை அழிக்கும்போது 'காம் சரோகேட்டில் திறந்திருக்கிறது' என்று வந்தால் வைரஸோ என்று பயப்பட வேண்டாம். இந்த வியூவர் டாஸ்க் மேனேஜரில் அந்தப் பெயரில்தான் தெரியும். மூடிவிட்டு அழிக்கலாம்.

படத்தைத் திருப்பும் பட்டனில் மட்டும் கவனம் தேவை. திருப்பியதை அது ஒரிஜினல் ஃபைலிலேயே எழுதிவிடும். அகலம், உயரம் இரண்டும் 16ஆல் மீதியின்றி வகுபட்டால் ஜேபிஜியின் தரம் குறையாது. 4032×3024 படம் தப்பிக்கும்; 4000×3000 படத்தில் 3000 வகுபடாததால் மறுபடி கம்ப்ரஸ் ஆகும், திரும்பப் பழையபடி திருப்பினாலும் இழந்தது வராது. கல்யாண ஆல்பம் போன்றவற்றை ஒரு காப்பி எடுத்துவைத்த பிறகே திருப்புங்கள்.