தோட்டத்துப் புதுச்செடிகளும் என் பத்து மடங்கு லென்ஸும்: நெடுநாள் அனுபவம்

வெள்ளிக் கொலுசு வேலைக்கான கருவிகள் விற்கும் கடையொன்றில், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய மடக்கு லென்ஸ் இது. நான் வாங்கியது செடி பார்க்க. எங்கள் வீடு ஏற்காடு மலையடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம். எருவோடும் செம்மண்ணோடும், மலையிலிருந்து வாங்கிவரும் பூந்தொட்டிகளோடும் பெயர் தெரியாத செடி ஏதாவது வந்து முளைத்துக்கொண்டே இருக்கும். பிடுங்குவதா, விட்டுவைப்பதா என்று முடிவு செய்யப் பெயர் தெரிந்தாக வேண்டும்.

செல்போன் செயலிகளையும் பயன்படுத்துகிறேன். பிரான்ஸ் நாட்டு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய பிளான்ட்நெட் எனக்குப் பிடித்தது. ஒரே செடியின் இலை, பூ, காய்ப் படங்களைச் சேர்த்தே கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கும்போது விடை தெளிவாக வருகிறது. ஆனால் இரண்டு செடிகளின் வேறுபாடு கடுகளவு காயில் ஒளிந்திருந்தால் படத்தை மட்டும் நம்ப முடியாது.

கீழாநெல்லியையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் காமாலை என்றதும் நம் ஊரில் தேடிப் பறிப்பது இதைத்தான். ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தொட்டிகளில் முளைப்பதெல்லாம் அதுவல்ல. பைலாந்தஸ் அமாரஸ் என்னும் கீழாநெல்லியின் காய்க்குச் சிறு காம்பு உண்டு, தோல் வழவழப்பானது. அதன் உறவான பைலாந்தஸ் யூரினாரியாவில் காய் காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும், மேலே சொரசொரப்பு தெரியும். விதைகளைப் பார்த்தால் ஐயமே தீர்ந்துவிடும்: முதலாவதில் வரிகள் நீளவாக்கில், இரண்டாவதில் குறுக்காக. தண்டின் சிவப்பை வைத்துப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். நிறத்தை மட்டும் நம்பி ஒன்றை வாயில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பூக்காத பார்த்தீனியமும் ஏற்காட்டுத் தொட்டியில் வரும் மாசிபத்திரியும் பிளவுபட்ட இலையால் குழப்பக்கூடியவை. மாசிபத்திரி இலையின் அடிப்புறத்தில் வெண்பஞ்சுபோல் மயிர் அடர்ந்திருப்பதை லென்ஸ் காட்டிவிடும். பார்த்தீனியம் பூத்துவிட்டால் வெள்ளைப் பூந்தலையின் விளிம்பில் ஐந்து குட்டி இதழ்கள் தெரியும். கையுறை போடாமல் அதைத் தொட வேண்டாம். தோல் அரிப்பு சிலருக்குக் கடுமையாக வரும்.

லென்ஸைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு செடியைத்தான் அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பத்து மடங்குக்குச் சுமார் இரண்டரை செ.மீ. தொலைவு. காற்றில் ஆடும் செடியில் ஒன்றும் தெரியாது, ஒரு கிளையைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் நின்று பார்ப்பதே வழி. பூவோ காயோ இல்லாத இளஞ்செடி என்றால் பக்கத்தில் குச்சி நட்டு விட்டுவிடுகிறேன், பூக்கட்டும்.

முப்பது மடங்கு என்று அச்சிட்ட மலிவு லென்ஸையும் வாங்கிப் பார்த்தேன். பார்வைப் பரப்பு குறுகி, இருட்டிவிடுகிறது, தோட்டத்துக்கு ஆகாது. பத்து மடங்கில் மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த டிரிப்ளெட் வகைக்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம். ஓரங்களும் கலங்காமல் தெரியும். என் லென்ஸில் இதுவரை வந்த ஒரே தொல்லை, மடக்கும் இடத்துத் திருகாணி அவ்வப்போது தளர்வதுதான். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்காதிருக்க, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்கிறேன்.