இசட்எக்ஸ்81-ஆ, ஸ்பெக்ட்ரமா?

பிரிட்டனின் சின்க்ளேர் நிறுவனம் இசட்எக்ஸ்81 என்ற வீட்டுக் கணினியை 1981 மார்ச்சில் விற்பனைக்கு விட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலிலேயே ஸ்பெக்ட்ரம் வந்துவிட்டது. இரண்டிலும் இசட்80 செயலிதான், 3.25 மெகாஹெர்ட்ஸ் 3.5 ஆனது, அவ்வளவே. வண்ணமும் ஒலியும் வந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய மாற்றம், திரையை வரையும் வேலை கைமாறியது.

81-ல் அது செயலியின் தலையில். ஸ்லோ முறையில், திரையின் மேலும் கீழும் வெறுமையாக உள்ள நேரத்தில்தான் நம் நிரல் ஓடும். வேகம் ஏறக்குறைய கால்வாசி. ஃபாஸ்ட் முறையில் முழு வேகம் உண்டு, நிரல் ஓடும்போது படம் இருக்காது. ஸ்பெக்ட்ரமில் யூஎல்ஏ என்ற தனிச் சிப்பே நினைவகத்தைப் படித்துத் திரைக்கு அனுப்புகிறது. கீழ் 16 கேபி ரேமில் மட்டும் செயலி அதற்காகச் சற்றுக் காத்திருக்க வேண்டும். வேகம் முக்கியமான இயந்திரமொழிப் பகுதியை நினைவகத்தில் 32768-ஆம் முகவரிக்கு மேல் வைப்பது இதனால்தான்.

நினைவகத்தில் 81 படுத்தும் பாடு தனி. மொத்தம் 1024 பைட். கணினியின் சொந்தக் கணக்குகளுக்கு 125, திரை முழுக்க எழுதினால் 793. மிச்சம் 106 பைட்டில் நிரல், மாறிகள், ஸ்டாக் (செயலியின் தற்காலிகக் குறிப்பிடம்) எல்லாம் அடங்க வேண்டும். 16 கேபி கூடுதல் நினைவகப் பேக்கைப் பின்னால் செருகலாம். ஆனால் விசை தட்டும் அதிர்விலேயே அது ஆடி, தொடர்பு விட்டு, அடித்ததெல்லாம் போய்விடும். பேக்கையும் கணினியையும் ஒரே பலகையில் இறுக்கி வைப்பதுதான் வழி.

48 கேபி ஸ்பெக்ட்ரமில் எல்லாம் உள்ளேயே. திரைக்கு 6144 பைட், நிறத்துக்கு 768. எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டத்தில் இரண்டே நிறம் என்பதால், நகரும் உருவம் பின்னணியின் நிறத்தையும் மாற்றிவிடும். கேசட்டில் பதியும் வேகம் 81-ல் சுமார் 250 பாட் (நொடிக்கு இத்தனை பிட்), ஸ்பெக்ட்ரமில் சுமார் 1500. ஸ்பெக்ட்ரமில் பதிவைச் சரிபார்க்க வெரிஃபை கட்டளையும் உண்டு.

இன்று வாங்கிப் பயன்படுத்த ஸ்பெக்ட்ரம்தான். ஒரு கணினி எவ்வளவு குறைவில் இயங்கும் என்று கற்க 81-க்கு ஈடில்லை.

மின்சாரத்தில் கவனம். இரண்டுக்கும் 9 வோல்ட், ஆனால் ஸ்பெக்ட்ரம் பிளக்கின் நடுமுனை எதிர்மின். இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நேர்மின், அப்படியே செருகாதீர்கள். திரையில் குப்பைக் கட்டங்கள் தெரிந்தால் கீழ் ரேமின் 4116 சிப்பில், 16-ஆம் காலை (பின்) தரையாக வைத்து அளந்து பாருங்கள்: 1-ல் -5, 8-ல் +12, 9-ல் +5 வோல்ட் வர வேண்டும். -5 இல்லாமல் ஓடினால் சிப் கெடும். -5, +12 வோல்ட்டைத் தரும் டிஆர்4 டிரான்சிஸ்டரையும் கம்பிச்சுருளையும் முதலில் சரிசெய்துவிட்டு, பிறகே புதிய சிப்பைப் பற்றவையுங்கள்.