“ஒரிஜினல் கார்டு இருக்கு” என்று சொன்னால் உஷார்

இணையத்தில் பழைய டிசைனர் பைகளை வாங்கி விற்கும் ஒருவர், போலி லூயி வுய்ட்டன் பையை அசல் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார். “போன வருஷம் வாங்கியது மேடம், பில் இருக்கு, ஒரிஜினல் கார்டும் இருக்கு” என்றார். எல்லாமே வந்தன. அவரை மாட்டிவிட்டதும் அவைதான். லூயி வுய்ட்டன் பைகளோடு அப்படி ஒரு அசல் சான்று அட்டை தருவதே கிடையாது. அப்புறம், பை எப்போது தைத்தது என்று காட்டும் தேதிக் குறியீடு உள்ளே அச்சிட்டிருந்தது. அந்தக் குறியீட்டை நிறுத்திவிட்டு 2021-லேயே சிப் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மற்றதெல்லாம் கண்ணுக்கே தெரிந்தது. கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் ஒரு பக்கம் ஐந்து தையல், மறுபக்கம் நான்கு. ஜிப்பை நாலு தடவை இழுத்ததும் தங்க முலாம் விரலில் ஒட்டிக்கொண்டது. திறந்தால் பசை நாற்றம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அவர் சொன்னதுதான் எனக்கு ஆறவே இல்லை. “நீங்களும் யாருக்காவது வித்துடுங்க, நஷ்டம் வராது” என்றார். நான் விடாமல் கேட்டதும், “அந்தப் பெரிய கம்பெனிங்க மட்டும் யோக்கியமா?” என்று திருப்பினார்.

அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. 2024-ல் இத்தாலியின் மிலன் நீதிமன்றம், பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான டியோரின் துணை நிறுவனம் ஒன்றைத் தன் மேற்பார்வையில் கொண்டுவந்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற பையைத் தைத்துக் கொடுத்த ஒப்பந்தப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ, தோல் செலவு சேராமல். வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகளையே கழற்றிவைத்திருந்தார்கள். 2017-18 நிதியாண்டில் மட்டும் பர்பெர்ரி என்ற பிரிட்டிஷ் ஃபேஷன் நிறுவனம் விற்காமல் அழித்த சரக்கின் மதிப்பு 2.8 கோடி பவுண்டுக்கும் மேல். இதையெல்லாம் கேட்டால் வயிறு எரிகிறது.

ஆனால் இதைக் காட்டி என்னை ஏமாற்ற அவருக்கு என்ன உரிமை? டியோர் விஷயத்தில் கேள்வி கேட்க ஒரு பெயர் இருந்தது, விலாசம் இருந்தது, அதனால் வழக்கும் நடந்தது. போலிப் பையைத் தைத்தவர் எந்த ஊர், என்ன கூலி, எத்தனை வயது என்று யாரிடம் போய்க் கேட்பது? பெரிய கம்பெனிகளின் யோக்கியதையைப் பற்றி இவர் பேசுவது எனக்குப் பொய்யாகத்தான் படுகிறது.

அந்தப் பையை நான் யாருக்கும் விற்கப் போவதில்லை. போலி என்று தெரிந்தே அசல் என விற்றால் நானும் மோசடிக்காரிதான். வெளிநாடு போகும்போது தூக்கிக்கொண்டும் போகாதீர்கள். இத்தாலியில் போலியை வாங்கியவருக்கே அபராதம் உண்டு, பிரான்ஸ் சுங்கத்தில் பறிமுதலே செய்வார்கள்.

நேரடிப் பணப் பரிமாற்றம் மட்டும்தான் என்று சொல்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியிடம் முறையிட வழி இருக்கிறது. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். நான் புகார் கொடுத்த பிறகும் அதே படங்களோடு அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: பழுப்பு நிறப் பை, பக்கத்தில் விரித்துவைத்த பில், அதன் மேல் அந்த அட்டை. கண்ணில் பட்டால் பணம் அனுப்பாதீர்கள், நீங்களும் ஒரு புகார் போடுங்கள்.