கிறீன்ஹவுஸ் வாங்கினால் விதை இலவசமாம்: வன்னி ஆட்கள் கவனம்

விசுவமடு, தருமபுரம், புதுக்குடியிருப்புப் பக்கம் நாற்றுமேடை போடுகிறவர்களும் வீட்டுத்தோட்டம் செய்கிறவர்களும் இதைக் கட்டாயம் வாசியுங்கோ. "மடித்து எடுத்துப் போகக்கூடிய கிறீன்ஹவுஸ், வீட்டு வாசலுக்கே வரும்" என்று முகநூலில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. வாங்கிவிடாதீர்கள். பொருள் மட்டமானது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பெட்டிக்குள் கஞ்சா விதையையும் போட்டு அனுப்புகிறார்கள். காசைத் திருப்பிக் கேட்டால் அந்த விதையைச் சொல்லியே மிரட்டுகிறார்கள்.

நான் மிளகாய், தக்காளி, கத்தரி நாற்று போட்டு விற்கிறவள். தட்டில் தும்புச்சோறு நிரப்பி விதை போட்டால் முளைக்கிறது பிரச்சினை இல்லை, காப்பாற்றுகிறதுதான் பாடு. காலையில் மயில், மத்தியானம் குரங்கு. சிறுபோகத்துக்கு எம்.ஐ.2 மிளகாய் நாற்றுக்கு முன்கூட்டியே ஆட்கள் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால்தான் மூடின கூடாரம் ஒன்று தேடினேன்.

விளம்பரத்தில் இருந்தது பத்தடிக்கு ஆறடி, ஆள் நிமிர்ந்து நிற்கலாம், விலை 48,500 ரூபா. வாங்க முதல் வட்ஸ்அப்பில் எல்லாம் கேட்டேன். பொலித்தீன் புற ஊதாக் கதிருக்குத் தாங்குமா? "தாங்கும் அக்கா, மூன்று வருசம்." குழாய்? "இருபத்தைந்து மில்லிமீற்றர் ஜீஐ அக்கா", அதாவது நாகம் பூசின இரும்பாம். காற்றுக்கு நிற்குமா? "புயலுக்கே நிற்கும்." எல்லாம் குரல் பதிவாக இன்னும் என் போனில் இருக்கிறது.

கொரியர்த் தம்பி காசை வாங்கிக்கொண்டுதான் பெட்டியைத் தந்தார், அதற்கு முன் திறந்து பார்க்க முடியாதாம். திறந்தால், குழாய் கட்டைவிரலால் அமத்த நெளிகிறது. மூலை எல்லாம் பிளாஸ்ரிக் மூட்டு. நிலத்தில் அடிக்க வந்த ஆணி சைக்கிள் கம்பி மாதிரி. வாசல் சிப் இரண்டாம் நாளே பல்லைக் காட்டிவிட்டது. வெள்ளைப் பொலித்தீனில் பச்சைக் கட்டம் போட்டிருந்ததே, அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தையல் ஓட்டையெல்லாம் வெளிச்சம்.

சரி, நாற்றுக்குத்தானே, சமாளிப்போம் என்று வேம்புக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பதினொரு மணிக்கு உள்ளே கை வைக்க முடியவில்லை. எங்கள் விவசாயப் போதனாசிரியர் வந்து வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தார், 46 பாகை. வெளியில் அன்றைக்கு 35. தக்காளி நாற்று அப்படியே அவிந்து சரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பூச்சிவலை ஜன்னலாவது இருந்திருந்தால் சூடு வெளியே போயிருக்கும். இதில் சுருட்டிக் கட்டுகிற இரண்டு சின்னத் துவாரம் மட்டும்தான், அதுவும் வெயில் விழுகிற பக்கம்.

இதன் கதை பிறகுதான் தெரிந்தது. தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். வீடியோவில் கூடாரத்தைக் காட்டினதும் சிரித்தான். "அக்கா, இது இஞ்ச பின்வளவில கஞ்சா வளர்க்கிறவங்கட கூடாரம். வேலிக்கு அங்கால வெள்ளைக்காரன் ஒருத்தன் இதே மாதிரி வைச்சிருக்கிறான்." கனடாவில் 2018 ஒக்ரோபரிலிருந்து கஞ்சா சட்டப்படி சரி. அவன் இருக்கிற ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கு நாலு செடி வரைக்கும் வளர்க்கலாம். அங்கே பகல் குறுகத் தொடங்கினபிறகுதான் அந்தச் செடி பூக்கும். பூ முற்றுகிற நேரம் பார்த்துக் குளிரும் உறைபனியும் வந்துவிடும். அந்தக் கடைசிக் கிழமைகளில் சூட்டைப் பிடித்து வைக்கத்தான் இந்தப் பொலித்தீன். அதாவது சூடு போகக்கூடாது என்றே செய்த சாமான். அதை வன்னி வெயிலில் கொண்டுவந்து மிளகாய்க்கு விற்கிறார்கள்! விளம்பரப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். "மூலிகைச் செடி" என்று எழுதியிருந்ததன் பின்னால் மங்கலாக நிற்பது விரல் விரித்த அந்த இலைதான்.

வைகாசியில் சோளகக் காற்றுத் தொடங்கின முதல் வாரமே கூடாரம் எழும்பிப் போய் அயல்வீட்டு முள்வேலியில் கிடந்தது. மூட்டுகள் உடைந்து, பொலித்தீன் கிழிந்து. நிலத்தில் ஆணி போன ஓட்டைகள் மட்டும் மிச்சம். எங்கள் பக்கம் சோளகம் ஆவணி, புரட்டாதி வரைக்கும் விடாமல் அடிக்கும் என்று விற்கிறவனுக்குத் தெரியாதா?

இனித்தான் விசயம். மடித்த பொலித்தீனுக்குள் ஒரு வெள்ளி நிறப் பை இருந்தது. பெயர் இல்லை, எந்த நாடு என்று இல்லை, திகதி இல்லை. "அன்பளிப்பு" என்று ஒரு ஸ்ரிக்கர் மட்டும். உள்ளே பத்துப் பன்னிரண்டு விதை, மல்லியைவிடக் கொஞ்சம் சின்னது, சாம்பலும் மண்ணிறமுமாகத் தோலில் வரி ஓடின முட்டை வடிவம். எனக்குத் தெரிந்த எந்த மரக்கறி விதையும் இல்லை. அம்மாவின் தம்பி பதிவு பெற்ற சித்த வைத்தியர், ஊரில் பரியாரியார் என்றால் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "இது அதுதான் பிள்ளை. ஒரு இரவுகூட வீட்டில வைச்சிருக்காதை" என்றார். மருந்துக்குத் தேவை என்றால் தன்னைப் போன்றவர்களே ஆயுர்வேதத் திணைக்களத்தின் ஊடாக முறைப்படி கேட்டு எடுக்க வேண்டுமாம், வளவில் ஒரு கன்றுகூட நட ஏலாதாம்.

அன்றைக்கே கூடாரம் விற்றவனுக்குக் கோல் எடுத்தேன். காசு திருப்பித் தரவேண்டும் என்று சொன்னேன். முதலில் "பாவனைக் குறைபாடு" என்றான். விதையைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது.

"ஏன் அக்கா, அதைத்தானே எல்லாரும் விரும்புகினம். விளைச்சலை நாங்களே எடுப்பம். இப்ப அரசாங்கமே விட்டிட்டுது."

"எனக்கு வேண்டாம். காசைத் தாங்கோ."

"காசு எல்லாம் தரேலாது. பெட்டி உங்கட வீட்டில. உள்ளுக்கு என்ன இருக்கெண்டு நான் பொலிசுக்கு ஒரு கோல் எடுத்தால் காணும், தெரியும்தானே?"

வயது வந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டுப் பொம்பிளைக்கு வாயை மூட இது போதும். சோதனை என்று வீட்டுக்குள் ஆட்கள் வந்தால் எப்படி இருக்கும் என்று வன்னியில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கரைப்பக்கம் கேரளக் கஞ்சா பிடிபடுகிற செய்தி அடிக்கடி வருகிற இடம் வேறு. இதை நம்பித்தான் அவர்கள் வியாபாரமே நடக்கிறது. உடைந்த கூடாரத்தைப் பற்றி முறையிட யார் போவார்கள், கூடவே அந்தப் பையையும் காட்டவேண்டி வருமே!

"அரசாங்கம் விட்டிட்டுது" என்பதும் முழுப்பொய். 2022 நவம்பரில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னது, ஏற்றுமதிக்கு மட்டும் கஞ்சா பயிரிடலாமா என்று ஆராய நிபுணர் குழு அமைப்பது பற்றி. பிறகு 2025இல் சில வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு ஏற்றுமதிக்காக அனுமதி கொடுத்தார்கள். உங்கள் வளவுக்கும் என் வளவுக்கும் அதில் ஒன்றும் இல்லை. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப்பொருள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் செடி நடுவது மட்டுமல்ல, விதையை வைத்திருப்பதும் குற்றம். "பாதுகாப்பாகக் கூடாரத்துக்குள்தானே" என்று நினைத்து யாராவது முளைக்கப் போட்டால், விற்றவன் தப்பிவிடுவான், நட்டவர்தான் நீதிமன்றம் போகவேண்டி வரும்.

நான் அடுத்த நாள் காலை விதானையாரையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையம் போனேன். பை, பெட்டி, கொரியர்ச் சிட்டை, குரல் பதிவு எல்லாம் காட்டி, விதையை ஒப்படைத்து, முறைப்பாட்டுப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தோம். நிறையக் கேள்வி கேட்டார்கள், நேரமும் போனது, ஆனால் மரியாதையாகத்தான் நடந்தார்கள். தமிழில் எழுத வைத்தோம், வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தேன். அதன் பிறகு அவன் எடுத்தபோது முறைப்பாட்டு இலக்கத்தைச் சொன்னேன். அன்றோடு அந்த நம்பர் வேலை செய்வதில்லை.

காசு வரவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், 1977 என்ற அவர்களின் இலக்கத்துக்குக் கோல் எடுத்தும் விபரம் கேட்கலாம். உங்களுக்கும் இப்படிப் பை வந்திருந்தால் எரிக்கவோ கிணற்றடியில் புதைக்கவோ வேண்டாம். ஒரு ஆளை சாட்சிக்கு வைத்துக்கொண்டு படம் எடுத்து, நேரத்தோடு ஒப்படையுங்கோ.

கூடாரம் உண்மையிலேயே தேவை என்றால் கமநல சேவை நிலையத்தில் போதனாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் இடத்துக்கு ஏற்றது இதுதான்: சுற்றிவரப் பூச்சிவலை, மேலே மட்டும் 200 மைக்ரோன் தடிப்புள்ள பொலித்தீன், கூரையில் சூடு போக வழி, வெயில் காலத்துக்கு ஐம்பது வீத நிழல்வலை, கால்கள் சீமெந்தில். நான் இப்போது பழைய குழாயும் வலையும் வாங்கி ஊர் ஒட்டுவேலைக்காரரைக் கொண்டு அப்படி ஒன்று அடித்திருக்கிறேன். 48,500 ஆகவில்லை, மயிலும் உள்ளே வரவில்லை.

அந்த விற்பனைப் பக்கம் பெயர் மாற்றித் திரும்ப வந்திருக்கிறது. படத்தில் இலையை எடுத்துவிட்டு கறிமிளகாய் போட்டிருக்கிறார்கள், விலை 39,500. அதே வெள்ளைப் பொலித்தீன், பச்சைக் கட்டம், சுருட்டிக் கட்டுகிற சிப் வாசல், கீழே "விதை அன்பளிப்பு" என்ற வரி. கண்டால் அடையாளம் தெரியும்.