“கஜாவில் விழுந்த பலா” என்று சொல்லிப் பச்சை மரத்தை விற்கிறார்கள்: கிண்ணம் கடைபவர்கள் கவனிக்கவும்

லேத் வைத்து மரக் கிண்ணம் கடையும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் படம் பார்த்துப் பலாக் கட்டைக்கு முன்பணம் அனுப்ப யாராவது நினைத்திருந்தால், அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அக்கா மகள் கல்யாணத்துக்கு எட்டுப் பலா மரக் கிண்ணங்கள் கடைந்து தருவதாகச் சொல்லியிருந்தேன். தேதி குறித்தாகிவிட்டதால் மரம் காயும்வரை காத்திருக்க நேரமில்லை. அதனால் காய்ந்த கட்டை மட்டும்தான் வேண்டும் என்று விற்பவரிடம் முதலிலேயே சொன்னேன். 25 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம், வட்டமாக அறுத்தது, ஒன்று 1,100 ரூபாய் என்று பேச்சு. எப்போது வெட்டிய மரம், எங்கே காய வைத்தீர்கள், ஈரம் எவ்வளவு என்று எல்லாம் கேட்டேன். அவர் சொன்ன பதில் இது: “சார், ஆலங்குடிப் பக்கம் கஜா புயல்ல விழுந்த மரம். அன்னைலேருந்து கொட்டகைக்குள்ள கிடக்கு. இதுக்கு மேல காய என்ன இருக்கு?” கூடவே ஈரம் அளக்கும் மீட்டர் 11 சதவீதம் காட்டும் படம் ஒன்றையும் அனுப்பினார்.

நம்பத் தோன்றும் கதைதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்த கஜா, தென்னையை மட்டும் சாய்க்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் பலா மரங்களும் வேரோடு போயின. தலைமுறையாகப் பலன் கொடுத்த மரங்களை வந்த விலைக்கு மரவாடிக்குத் தள்ளிவிட்ட குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. அவர்களுடைய இழப்பை விற்பனைப் பேச்சாக்கி, நேற்று வெட்டிய மரத்துக்கு வயது கூட்டியிருக்கிறார் இந்த மனிதர். பணம் போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

பார்சல் வந்தது. கட்டைகள் முழுக்க மெழுகில் முக்கி எடுத்தவை, அதுவும் உள்ளே ஒன்றும் தெரியாதபடி பழுப்பு நிறம் கலந்த மெழுகு. மெழுகைச் சுரண்டி மீட்டரைக் குத்தினேன், 12 காட்டியது. கையில் எடுத்தால் மட்டும் கனம் உறுத்தியது. போன் செய்தேன். “பலா வைரம் சார், கனமாத்தான் இருக்கும்” என்றார்.

முதல் கட்டையை லேத்தில் ஏற்றினேன். வெளிப்பக்கம் கடையும்போது காய்ந்த மரம் போலத் தூளும் சிறு சில்லுமாக உதிர்ந்தது. விரல் அகலம் உள்ளே போனதும் சத்தமே மாறிவிட்டது. உளியிலிருந்து நீள நீளமாக ஈரச் சுருள்கள், முகத்தில் தண்ணீர்த் தெறிப்பு, கட்டையைப் பிடிக்கும் லேத் தாடைகளில் இறுகியிருந்த இடத்தில் நீர்க்கசிவு. அப்போதுதான் விஷயம் புரிந்தது. புதிதாக வெட்டிய கட்டையை வெயிலில் போட்டு மேல்தோலை மட்டும் காய வைத்து, அதன்மேல் மெழுகு பூசியிருக்கிறார்கள். மீட்டரின் ஊசி சில மில்லிமீட்டர்தான் உள்ளே போகும், காய்ந்த தோலைத்தான் அது அளந்திருக்கிறது. இன்னொரு கட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பட்டையைப் பிய்த்தேன். பலாப் பால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. 2018-இல் விழுந்த மரத்தில் பால் எப்படிப் பிசுபிசுக்கும்?

சந்தேகம் இருக்கக் கூடாது என்று கட்டையின் நடுவிலிருந்து 100 கிராம் துண்டு அறுத்து, ஓவனில் 103 டிகிரியில் வைத்து, எடை மேலும் குறையாத வரை காய வைத்தேன். 63 கிராமில் வந்து நின்றது. போன தண்ணீர் 37 கிராம். காய்ந்த எடையால் வகுத்தால் கிட்டத்தட்ட 59 சதவீத ஈரம். 11 என்று சொல்லி விற்ற மரம் இது.

புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு விளக்கம். மரத்தின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இருக்காது. மரத்தின் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் பச்சை மரத்தில் வட்டமாகக் கடைந்த கிண்ணம் காய்ந்ததும் நீள்வட்டமாகிவிடுகிறது. சுவர் தடிப்பாக இருந்தாலோ, மரத்தின் நடு மையம் உள்ளே இருந்தாலோ வெடித்தும் விடும். நல்லவேளை, இது பாலிஷ் போட்டுக் கல்யாண வீட்டுக்குப் போன பிறகு நடக்கவில்லை.

பச்சை மரத்தை நான் குறை சொல்லவில்லை. பச்சையில் உளி வெண்ணெயில் போவது போலப் போகும், தூசி கிடையாது, உளியும் சீக்கிரம் மழுங்காது. அகலத்தில் பத்தில் ஒரு பங்கு தடிப்பு விட்டு, அதாவது 25 செ.மீ. கிண்ணத்துக்கு 2.5 செ.மீ. சுவர் விட்டு, முரட்டு வடிவில் கடைந்துவிட வேண்டும். வெட்டு முகத்தில் மெழுகு தடவிக் காகிதப் பைக்குள் வைத்து, காற்று வேகமாக அடிக்காத இடத்தில் மாதக்கணக்கில் விட வேண்டும். எடை மாறாமல் நின்றதும் திரும்ப லேத்தில் ஏற்றி வட்டமாக்கினால் அருமையான கிண்ணம் கிடைக்கும். நானே ரசித்துச் செய்கிற வேலை அது. பச்சை என்று சொல்லி, பச்சைக்குரிய விலையில் கொடுத்தால் சந்தோஷமாக வாங்குவேன். காய்ந்தது என்று சொல்லும்போது அந்த மாதங்களுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள்.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. மெழுகை முழுக்க வழித்துப் பார்த்தபோது மூன்று கட்டைகளில் நீள வெடிப்பு. அதில் மரத்தூளைத் திணித்து, உடனே ஒட்டும் பசை ஊற்றி, தேய்த்து, மேலே மெழுகு போட்டு மறைத்திருந்தார்கள். அந்த அளவுக் கட்டை நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும்போது வெடிப்பு வழியாகப் பிளந்தால், பாதிக் கட்டை நேராக முகத்துக்கு வரும். தயவுசெய்து, யாரிடம் வாங்கிய கட்டையாக இருந்தாலும் மெழுகைச் சுரண்டி எல்லாப் பக்கமும் பார்க்காமல் லேத்தில் ஏற்றாதீர்கள். முகக் கவசம் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

விற்றவரிடம் படம், வீடியோ எல்லாம் அனுப்பினேன். முதலில், “மரம் இயற்கைப் பொருள் சார், வெடிக்கத்தான் செய்யும்” என்றார். அப்புறம், எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், கட்டை அதை இழுத்துக்கொண்டது என்றார். மெழுகுக்குள் இருக்கும் கட்டை 59 சதவீதத்துக்கு ஈரம் இழுக்கவே முடியாது. நிழலில் வெறுமனே வைத்தாலே நம் ஊர்க் காற்றில் மரம் பதினைந்தை ஒட்டித்தான் நிற்கும். இதை எழுதி அனுப்பினேன், என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். 8,800 ரூபாயும் பார்சல் செலவும் இன்னும் திரும்பவில்லை. கிண்ணத்துக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய பாத்திரத்தைத்தான் அக்காவிடம் கொடுக்க முடிந்தது.

வாங்குவதற்கு முன் எடை கேளுங்கள். பொய் சொல்பவரை மாட்டிவைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. காய்ந்த பலா கன மீட்டருக்குச் சுமார் 600 கிலோ, கொஞ்சம் முன்பின் இருக்கும். 25-க்கு 10 செ.மீ. வட்டக் கட்டையின் கொள்ளளவு 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆகவே 3 கிலோவை ஒட்டித்தான் வர வேண்டும். எனக்கு வந்தவை 4.4 கிலோ. தராசில் வைத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். ஒரு கட்டையைக் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தின் நடுவில் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கட்டைக்கும் காசு தருகிறேன் என்றே சொல்லலாம். நேர்மையானவர் செய்வார். வெட்டு முகத்தில் மட்டும் மெழுகு இருந்தால் அது முறையான வேலை. நான்கு பக்கமும் நிற மெழுகு என்றால் வேண்டாம். முழுத் தொகையையும் முன்னால் அனுப்பாதீர்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. புகார் நடப்பதால் பெயரை இங்கே போடவில்லை. இதே கஜா கதை உங்களுக்கும் வந்திருந்தால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள், பணம் அனுப்பிய ரசீதையும் பார்சல் அட்டையையும் எடுத்து வையுங்கள், நீங்களும் 1915-இல் பதிந்துவிடுங்கள்.